பழனியில் எடுக்காத புருவம்

நான் பழனியில் மொட்டை போட்டது இரண்டு முறை. இரண்டு முறையும் வேண்டுதல் என்று எதுவும் கிடையாது. முடி எனக்கு முன்பே கிளம்பத் தயாராக நின்றது. நாங்கள் அதை மலையடிவாரம் வரை கொண்டுபோய் வழியனுப்பிவிட்டு வந்தோம், அவ்வளவுதான்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த சட்டையில் ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணல் தையல் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். நாளெல்லாம் அடுத்தவர் தைத்ததில் குறை கண்டுபிடித்த எனக்கு, என் பேன்ட்டுக்குள் இருந்த குறை தெரிய வெகுநாள் ஆனது. இடது விதை வீங்கிக் கல்லாக இறுகியிருந்தது. பைக் சீட்டுதான் காரணம் என்று முடிவுகட்டி, நல்ல சீட்டாகப் பார்த்து மாற்றினேன். வீக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தச் சீட்டைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன், மெத்து மெத்தென்று இருந்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் விதையை எடுத்துவிட்டு, ஜெர்ம் செல் கேன்சர் என்றார்கள். விந்தணு உருவாகிற செல்லிலிருந்து கிளம்புகிற புற்றுநோயாம். இளவயசுக்காரர்களைத்தான் பிடிக்குமாம். என்னை யாராவது இளவயசுக்காரன் என்று சொல்லிக் கேட்டு நாளாகியிருந்ததால் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. கீமோ கொடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றார் டாக்டரம்மா. அந்தப் 'பெரும்பாலும்' மீது நான் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்க வேண்டும்.

கீமோவுக்கு முன்பு, பிற்காலத்தில் குழந்தை வேண்டுமென்றால் இப்போதே விந்தைச் சேமித்துவிடுங்கள் என்று அனுப்பினார்கள். நான் ஓர் அறைக்குள் போக, அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உலகத்திலேயே சுவாரசியமான பொருள் அதுதான் என்பதுபோலச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாரிசுகள் இப்போதும் கோயம்புத்தூரில் குளுகுளுவென்று இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அந்த வசதி வாய்க்கவில்லை.

ஊருக்கு அம்மா சொன்ன கணக்கு வேறு.

"குடலெறக்கமுங்க. பொட்டி தூக்கித் தூக்கி வந்துருச்சாட்ட இருக்குது."

காரணம் என் தங்கை. அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கேன்சர் இருக்கிற வீட்டில் பெண் எடுக்க எங்கள் பக்கம் யோசிப்பார்கள். குடலிறக்கம் என்றால் உழைப்பாளிக்கு வருகிற நோய், அதில் ஒரு மரியாதை உண்டு. ஆனால் குடலிறக்கத்துக்கு முடி கொட்டாது. தலையணையில் கொத்துக் கொத்தாக முடி கிடந்த அன்றைக்குத்தான் அம்மாவுக்கு அது உறைத்தது. அரை மணி நேரம் யோசித்தாள். பிறகு கார் எடுக்கச் சொன்னாள். பழனி!

நம்பும்படியாக இருக்கவேண்டும் என்று அப்பாவையும் மொட்டை போட வைத்தாள். அப்பா அவிநாசியில் சொந்தமாகச் சின்னத் தையல் யூனிட் வைத்திருப்பவர். தலையில் மிச்சமிருந்த கொஞ்ச முடியை ரொம்பப் பொத்திப் பாதுகாத்து வந்தவர். மறுபேச்சுப் பேசாமல் பலகையில் உட்கார்ந்தார். என் தலையில் தண்ணீர் தெளித்துத் தேய்த்த நாவிதரின் கையோடு முடி மொத்தமாக வந்துவிட்டது. அவர் தன் கையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, எனக்கு வேலையே வெக்கலீங்களே?"

"முருகனுக்கு அவசரமுங்கண்ணா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும். மீதி இருந்ததைப் பச்சைக் குழந்தையின் தலையைத் தொடுவதுபோலத் தொட்டு வழித்துவிட்டு, கன்னத்தைத் தட்டி அனுப்பினார்.

கீமோ முடிந்தது. முடி திரும்ப வந்தது, அதுவும் சுருள் சுருளாக. கம்பெனியில் தையல் பகுதிப் பெண்கள், "பழனிக்குக் குடுத்தா சுருட்டையாத் திருப்பித் தருவாருன்னு தெரிஞ்சிருந்தா நாங்களும் போயிருப்போமே" என்று கிண்டலடித்தார்கள். தங்கைக்குக் கணியூர்ப் பக்கத்தில் தோட்டம் துரவு உள்ள குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா தங்கையின் முடியை விட்டுவிட்டு என் முடியைப் பாராட்டினார். ஆனியில் உப்புச்சக்கரை மாற்றிக்கொள்வது, அதாவது நிச்சயம். ஆவணியில் கல்யாணம். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது.

வைகாசியில் நானும் அப்பாவும் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் போனோம். டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கம்பெனியில் சரக்கு வாங்குகிற பையர் அனுப்புகிற ஆள் ஒரு சட்டையை இப்படி வெகுநேரம் பார்த்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"ரத்தத்துல கேன்சரைக் காட்டற மார்க்கர் ரெண்டும் ஏறியிருக்குங்க."

"கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாமில்லீங்களா மேடம்? ஒரு டாலரன்ஸ் இருக்குமே?"

பழக்கதோஷம். அளவில் அரை அங்குலம் பிசகின எத்தனையோ பெட்டிகளை இந்த ஒரே கேள்வியில் பாஸ் செய்ய வைத்தவன் நான்.

"உங்க துணிக்கு இருக்கும். இதுக்குக் கிடையாது" என்றார். பிறகு, "இதுல ஒண்ணு கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஏறுற ஹார்மோன். உங்களுக்கு அது இருக்கவே கூடாது."

"எங்கம்மா ரொம்ப நாளாப் பேரப்புள்ள கேக்கறாங்க மேடம். அது நேரா எனக்கே வரும்னு நெனைக்கலீங்க."

அவர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா வயிற்று ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார். முதுகெலும்பை ஒட்டி நெறிகட்டினதுபோலச் சில உருண்டைகள். முதல் மருந்துக்குச் சாகாமல் தப்பித்தவை அவை. அதனால் இப்போது வேறு மருந்து. அதற்கு அடங்கினதும், என் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்து உறைய வைப்பார்கள். பிறகு எலும்பு மஜ்ஜையே செத்துப்போகிற அளவுக்குப் பெரிய டோஸில் கீமோ. அதன்பின் உறைய வைத்த செல்லை உடம்புக்குள் திருப்பி விட்டால் அது முளைத்து மறுபடி ரத்தம் ஊறும். இதே கூத்து இரண்டு முறை.

"கொணமாயிருமுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"வாய்ப்பு இருக்குங்க. போன தடவை சொன்ன அளவுக்கு இல்ல. ஆனா குணப்படுத்தணும்னுதான் பண்றோம், சும்மா நாளை ஓட்டறதுக்கு இல்ல. ஒண்ணே ஒண்ணு, உடனே ஆரம்பிக்கணும். இது வேகமா வளர்ற சாதி."

 வரும் வழியில் அவிநாசி வந்ததும் அப்பா கோயில் பக்கம் காரை நிறுத்தி ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆவணில முகூர்த்தம்" என்றார். என்னிடம் சொன்னாரா, சாமியிடம் சொன்னாரா தெரியவில்லை.

அம்மா அடுப்பை அணைக்காமலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பால் பொங்கி வழிந்தது. துடைத்தாள். மறுபடி துடைத்தாள். துடைக்க ஒன்றுமில்லாத இடத்தையும் துடைத்தாள்.

"ஆவணி முடியட்டும் சாமி. உம்பட தங்கச்சி கழுத்துல தாலி ஏறுன மறுநாளே போயிறலாம்."

"அதுக்குள்ள எனக்கே காரியத்துக்கு நாள் குறிக்கோணுமுங்ம்மா. ஒரே மண்டபத்துல ரெண்டையும் முடிச்சிக்கலாம், வாழைமரம் கட்டுன கூலி மிச்சம்."

அந்தப் பேச்சைப் பேசியிருக்கக் கூடாது. அவள் முகம் போன போக்கை இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அப்போது எனக்கு வாயைத் தவிர வேறு எந்த உறுப்பின் மீதும் நம்பிக்கை இல்லை.

தங்கை கதவோரம் நின்றிருந்தாள். கல்யாணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"மறுபடியும் முடி கொட்டுமாங்ணா?"

அதுதான் அவள் கேட்டது.

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டரம்மாவிடம் பேசினார். "மேடம், ஊட்டுல பொண்ணுக்குக் கல்யாணமுங்க. ஆவணிக்கு அப்பறம் ஆரம்பிச்சா..."

"கல்யாணத்தைத் தள்ளி வைக்க முடியுங்களா?"

"அதெப்படிங்க மேடம், பேசி முடிச்சாச்சுங்களே."

"இதையும் அப்படியே வெச்சுக்குங்க. தள்ளுனா அப்பறம் நான் குடுக்கிற மருந்துக்கு அர்த்தமே இருக்காது."

அப்பா போனை வைத்தார். அம்மாவைப் பார்க்காமல், "நாளைக்கே போறோம்" என்றார். என் வாழ்க்கையில் அப்பா அம்மாவைக் கேட்காமல் எடுத்த ஒரே முடிவு அதுதான் என்று நினைக்கிறேன். அம்மாவும் எதிர்க்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். வைத்தியம் நடக்கட்டும், வெளியே தெரியக்கூடாது.

ஆகவே முடி கொட்டத் தொடங்கியதும் இரண்டாவது மொட்டை. அப்பா இந்தத் தடவை எவரும் சொல்லாமலே பலகையில் போய் உட்கார்ந்தார். நாவிதர் வேறு ஆள், நல்லவேளை. ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் இருவர் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வருசத்துல ரெண்டு மொட்டையா? முருகனுக்கே கூச்சமாப் போயிருமுங்களே. அப்படி என்னுங்க வேண்டுதல்?"

"பையனுக்குப் பொண்ணு அமையோணும்னுதானுங்க" என்றாள் அம்மா. அவள் வாயிலிருந்து பொய் இவ்வளவு சரளமாக வருமென்று எனக்குத் தெரியாது. என் வாய் யாரிடமிருந்து வந்தது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

திட்டத்தில் ஓட்டை எங்கே இருந்ததென்றால், பழனியில் புருவம் எடுக்கமாட்டார்கள். முதல் கீமோவில் என் புருவம் எப்படியோ தாக்குப்பிடித்தது. இரண்டாவது மருந்தில் போய்விட்டது. இமை முடியும் போயிற்று. கண்ணாடியில் பார்த்தால் வேகவைத்து உரித்த முட்டைக்குக் கண் வரைந்தது மாதிரி இருந்தேன். உப்புச்சக்கரை அன்று காலை தங்கை என்னை உட்காரவைத்து, தன்னுடைய பென்சிலால் எனக்குப் புருவம் எழுதினாள். அலங்காரம் செய்துகொள்ள வேண்டியவள், பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் நெற்றியோடு மல்லுக்கட்டினாள்.

"அசையாம இருங்ணா. கோணலாப் போகுது."

"கோணல்னு பிரிச்சுத் தைக்க ஆல்டருக்கு அனுப்பிறாத தாயி" என்றேன். அவள் கோணலை விரலால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். 

வந்தவர்களை வரவேற்க வாசலில் நின்றேன். ஆனி மாதக் காற்று வரவேண்டிய நேரம். அன்றைக்குப் பார்த்து வரவில்லை. மருந்து உடம்பு வேறு, வியர்த்துக் கொட்டியது. நான் கைகூப்பி, "வாங்க வாங்க" என்று ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன். உள்ளே தட்டுகள் அடுக்கியாகிவிட்டது. கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார். நிதானமான மனிதர், குரலை உயர்த்தாதவர்.

"ஏனுங் தம்பி, பழனில இப்பப் புருவமும் எடுக்கறாங்களா?"

நெற்றியைத் துடைத்தேன். கை கறுப்பாக வந்தது. ஒரு புருவம் காதை நோக்கி ஒழுகிப் போயிருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பகடியும் வரவில்லை.

அப்பாதான் சொன்னார். எழுந்து நின்று, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார். "பையனுக்குக் கேன்சருங்க. மறைக்கோணும்னுதான் மறைச்சோமுங்க. தப்புத்தானுங்க."

யாரும் கத்தவில்லை. எங்கள் பக்கத்தில் கத்தமாட்டார்கள். இன்னும் மரியாதையாகப் பேசுவார்கள், அதுதான் பயம். "அதுக்கென்னுங்க, உடம்புன்னா வரத்தான் செய்யும்" என்றார்கள். மோர் குடித்தார்கள். தட்டை மாற்றாமல், "யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று எழுந்து போனார்கள். அடுக்கின தட்டுகளில் இருந்த பழங்களை நாங்கள் பல நாள் வைத்துத் தின்றோம்.

பதில் வந்தது. சம்பந்தம் அப்படியே இருக்கட்டும். ஆனால் பெண்ணுக்கு முழுசாக ஒரு பரிசோதனை செய்து ரிப்போர்ட்டைக் காட்டவேண்டும். அப்புறம், அண்ணன்காரர் பாவம், அலையவேண்டாம், மண்டபத்துக்கு வராமல் ஓய்வெடுத்தால் நல்லது.

எனக்கு வந்தது விதையில் வருகிற நோய். அந்த உறுப்பே இல்லாத என் தங்கையை மெஷினுக்குள் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். ஷிப்மென்ட்டுக்கு முன்னால் கடைசி இன்ஸ்பெக்ஷன். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு நேராக வார்டுக்கு வந்தவள், அதை என் கட்டில்மேல் போட்டாள்.

"பாஸுங்ணா. ஒரு அம்புகூட இல்ல."

"வேண்டாம்னு சொல்லீருக்கலாமே?"

"கல்யாணத்தத் தள்ளிப் போடுங்கன்னு நான் சொல்லுவேன்னு எதிர்பாத்தீங்களா? அன்னைக்கு அடுப்பங்கரைல?"

"ஆமா."

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். முடியப் பத்தின கேள்விதான் வந்துச்சு." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இவங்கள வேண்டாம்னா அடுத்து வர்றவங்களும் இதத்தானே கேப்பாங்க? எத்தன பேருக்குங்ணா நான் ஸ்கேன் காட்டறது?"

ரிப்போர்ட்டை மடித்து அவள் பைக்குள்ளேயே வைத்தேன். 

ஆடியில் என் ஸ்டெம் செல்லைச் சேகரித்தார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குள் போய், சுற்றிப் பிரிந்து, வேண்டியது பையில் தங்கிவிட, மீதி இன்னொரு கை வழியாகத் திரும்பி வந்தது. சாயப்பட்டறையில் ஈரத்துணியைச் சுற்றித் தண்ணீர் பிரிக்கிற ஹைட்ரோ மெஷின் போலத்தான். நான் துணிப் பக்கமா தண்ணீர்ப் பக்கமா என்றுதான் தெரியவில்லை. பெரிய டோஸ் ஏற்றியபோது வாயெல்லாம் வெந்துபோயிற்று. எச்சில் முழுங்க முடியவில்லை. பேச முடியவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்லவேண்டியதில்லை. காது வேறு முதல் மருந்திலிருந்தே ரீங்காரம் போடுகிறது. தையல் யூனிட்டில் வளர்ந்தவனுக்கு அது ஒன்றும் புதிது இல்லை, சுவிட்சை அணைக்க முடியவில்லை என்பதுதான் குறை.

இரண்டாவது பெரிய டோஸுக்குப் பின் செல்லைத் திருப்பி ஏற்றிய நாளும் தங்கையின் முகூர்த்தமும் ஒன்றாக அமைந்தன. யாரும் திட்டமிடவில்லை. தனி அறை, இரட்டைக் கண்ணாடிக் கதவு. பூவுக்கு அனுமதி இல்லை, பழத்துக்கு இல்லை, அம்மா மடித்துக் கொடுத்த திருநீற்றுக்கும் இல்லை. உறைந்த செல்லோடு கலந்த மருந்து மூச்சில் பூண்டு வாடையாக வெளியேறும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதேபோல அறை முழுக்கப் பூண்டு நாறியது. உறவினர் ஒருவர் மண்டபத்திலிருந்து போனில் வீடியோ காட்டினார். அண்ணன் செய்யவேண்டிய சீரை எங்கள் பெரியப்பா மகன் செய்தான். புதுவேட்டி, தலை நிறைய முடி, இரண்டு புருவம். குறை சொல்ல முடியாத பீஸ். மேளம் உரக்கக் கேட்டபோது ஆள்கள் எழுந்து மறைத்துக்கொண்டார்கள், தாலி கட்டுவதை நான் பார்க்கவில்லை. முதுகுகளைப் பார்த்தேன். எல்லாம் நல்ல பட்டு. தையலும் சுத்தம்.

நர்ஸ் உள்ளே வந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு, "கல்யாணச் சாப்பாடு ஆச்சா?" என்றார்.

"வாசம் வருதில்லீங்களா" என்று எழுதிக் காட்டினேன்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். மார்க்கர் இரண்டும் இறங்கிவிட்டன. மிச்சமிருந்த உருண்டைகளை அறுவை செய்து எடுத்துப் பார்த்ததில், செத்த திசுதான் என்றார்கள். மறுபடி வந்தால் என்ன செய்வது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "வந்தா அப்பப் பாக்கலாங்க" என்றார். நல்ல பெண்மணி, பொய் சொல்லத் தெரியாதவர். எங்கள் கம்பெனியிலும் 'அப்பப் பாக்கலாம்' என்று ஒருவர் சொன்னால் அவரிடம் திட்டம் எதுவும் இல்லை என்று பொருள்.

தலைதீபாவளிக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் வருவதைப் பற்றிச் சம்பந்தியம்மா போனில் பேசினார். நலம் விசாரித்தார், பத்தியம் கேட்டார், கடைசியில் தயங்கித் தயங்கி, "அதுக்குள்ள தம்பிக்கு முடி வந்துருமுங்களா?" என்றார். சொந்தக்காரர்கள் நாலுபேர் பார்ப்பார்களாம். வந்துவிடும் என்று அம்மா சொன்னாள். ஆர்டர் எடுத்தாகிவிட்டது, இனி டெலிவரி என் பொறுப்பு.

போனை வைத்துவிட்டு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் நெற்றியில் விரலை வைத்துத் தடவினாள். புருவம் நெருடுகிற அளவுக்கு முளைத்திருந்தது.

"நல்லா வளரட்டும் சாமி. வளந்ததும் பழனிக்குப் போயி மொட்ட போட்டுறலாம்."

"மறுபடியுமா? இப்ப யாருகிட்ட மறைக்கோணுமுங்ம்மா?"

"யாருகிட்டயும் இல்ல. நீ அந்தக் கண்ணாடி ரூம்புல கெடந்தப்ப வேண்டிக்கிட்டேன்."

"அப்ப மொத ரெண்டும்?"

"அது ஊருக்குப் போட்டது."

பின்னாலிருந்து அப்பாவின் செருமல் கேட்டது. தன் தலையைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். தனக்கும் உண்டா என்று அவர் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

கடன்பட்டது ஒரு தலை முடி. அதை அடைக்க முதலில் அது வளரவேண்டும். வளர நான் இருக்கவேண்டும். அடுத்த ரத்தப் பரிசோதனை வரை தலையைத் தடவித் தடவிப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. இந்தத் தடவையாவது நாவிதருக்குக் கொஞ்சம் வேலை வைக்கவேண்டும்.